ஏகாம்பரம் சாரின் மூன்று சுற்று

செய்தி வந்தபோது கம்பெனி பஸ் குமணன்சாவடியைத் தாண்டவில்லை. மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தகரத் தடுப்புக்குப் பக்கத்தில் பத்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தோம். டூல் ரூம் தாமோதரனின் எண்ணிலிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. "மேடம், நம்ம ஏகாம்பரம் சாரு காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலின்னு எழுந்து உக்காந்தாராம், அவ்ளோதான். சாயந்தரம் நாலு மணிக்கு எடுக்கறாங்கோ. பேனருக்கு நல்ல போட்டோ ஒண்ணு வோணும். வெளிநாட்ல எடுத்தது உங்க கையில இருக்கும்ல?"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்து பார்த்தேன். பிராக் நகரத்தில் நாங்கள் இருந்த இரண்டு வருடங்களில் நான் எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பாதிக்கு மேல் அவர் இருக்கிறார். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அழுகை வர வேண்டிய நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரோடு பழகிய உங்களுக்கு இது புரியும்.

இரண்டு மாதம் கழித்து, இரங்கல் கூட்டத்தில் படிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று டூல் ரூம் நண்பர்கள் கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஏகாம்பரம் சாரைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டுமென்றால் அவர் என்னைப் படுத்திய பாட்டைத்தான் எழுத முடியும். அவர் டூல் ரூமில் மூத்த டெக்னீஷியன், நசரத்பேட்டைக்காரர், பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். நான் தரக்கட்டுப்பாட்டில் இன்ஜினியர், நாமக்கல்லிலிருந்து வந்து குமணன்சாவடியில் ஃப்ளாட் வாங்கியவள். தகட்டை அழுத்தி வடிவாக்கும் புதிய பிரஸ் லைனைக் கற்றுக்கொண்டு வர நம் கம்பெனி எங்கள் இருவரையும் அங்கே அனுப்பியது. தொழிற்சாலை நகரத்துக்கு வெளியே இருந்தது. என் கணவர் இங்கே, அவர் மனைவி வசந்தா அக்கா இங்கே. அந்த ஊரில் தமிழ் பேச எனக்கு அவரையும் அவருக்கு என்னையும் விட்டால் ஆள் கிடையாது.

எழுநூறு எண்ணூறு வருடத்துக் கட்டடங்களெல்லாம் காய்கறிக் கடை போலச் சாதாரணமாக நிற்கும் ஊர் அது. போன முதல் வாரமே பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கிளம்பிவிடுவது என்று முடிவு. ஏகாம்பரம் சாரும் சந்தோஷமாகக் கூடவே கிளம்பினார். அங்கேதான் பிடித்தது சனி.

எந்தக் கட்டடமானாலும் அதை மூன்று முறை வலம் வராமல் அவர் உள்ளே கால் வைக்க மாட்டார். மாதா கோயில், கோட்டை, மணிக்கூண்டு, மியூசியம் எதுவும் விலக்கல்ல. வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். நான் தெரியாமல் இடப்பக்கம் ஆரம்பித்துவிட்டால் அந்தச் சுற்று கணக்கில் வராது, முதலிலிருந்து வர வேண்டும். சுற்றும்போது சும்மாவும் நடக்க மாட்டார். பத்தடிக்கு ஒரு முறை நிற்பார். மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று அண்ணாந்து பார்ப்பார். கல்லும் கல்லும் சேரும் இடத்தில் நகத்தால் தடவுவார்.

"சார், இது கோயில் இல்லை" என்றேன் முதல் நாள்.

"அவங்களுக்குக் கோயில்தானே மேடம்."

"மியூசியம் யாருக்குக் கோயில்?"

"செரி, கோயில வுடுங்க. புது மிஷின் வந்தா இன்னா பண்ணுவோம்? மூணு சுத்து சுத்திட்டுதானே சுட்ச்சில கைய வெப்போம்."

நேரமாகிறது என்று அவசரப்படுத்தினால் இன்னும் மோசம். "இன்னா மேடம் அவசரம்? கட்டடம் இன்னா பஸ்ஸா, கெளம்பிப் போறதுக்கு?" என்பார். கட்டடம் கிளம்பிப் போகாது, ஆனால் கதவைச் சாத்துவார்கள். இந்த உண்மையை இரண்டு வருடத்தில் அவர் மண்டையில் ஏற்ற என்னால் முடியவில்லை.

பழைய நகரச் சதுக்கத்தில் ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். மணிக்கு ஒரு முறை ஒரு எலும்புக்கூட்டுப் பொம்மை மணிக்கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சிறு ஜன்னல்கள் திறந்து பைபிளில் வரும் பன்னிரண்டு சீடர்களும் வரிசையாக வந்து போவார்கள், கடைசியில் ஒரு சேவல் கூவும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் கடிகாரம் நகர மன்றக் கட்டடத்தின் ஒரு பக்கச் சுவரில் இருக்கிறது. நாங்கள் போன நாளெல்லாம் மணி அடிக்கும்போது சரியாக மறுபக்கத்தில் இருந்தோம். நான் அந்தச் சேவலைப் பார்த்தது கிடையாது. அது கூவும் சத்தம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுபக்கத்தில் அவர் என்ன பார்த்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி எரிந்துபோயிருக்கிறது. அதைத் திரும்பக் கட்டவில்லை. சுவர் பாதியில் பிய்ந்தது பிய்ந்தபடி நிற்கிறது, பக்கத்தில் புல்தரை. முன்னால் ஆயிரம் பேர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நிற்க, இவர் மட்டும் அந்தப் பிய்ந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முன்னாடி நின்னா அவங்க காட்டறதத்தான் பாக்கறோம் மேடம். பின்னாடி வந்தாதான் இந்த ஊருக்கு இன்னா ஆச்சுன்னு தெரியுது" என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் எனக்குச் சேவல் வேண்டியிருந்தது.

பாலத்தை எப்படிச் சுற்றுவார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சார்லஸ் பாலம் என்று ஆற்றின் குறுக்கே பழைய கற்பாலம் ஒன்று, இரண்டு பக்கமும் வரிசையாகச் சிலைகள். அதில் அக்கரைக்குப் போய், கரையோரமாக நடந்து, அடுத்த பாலம் வழியாக இக்கரைக்குத் திரும்பினால் அது ஒரு சுற்று. அப்படி மூன்று. பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிலைகளின் முதுகு ஆற்றுப் பக்கம் இருக்கும் என்பதால் அதைப் பார்க்கக் கைப்பிடிச் சுவர் மேல் எக்கிச் சாய்வார். விழுந்து தொலைக்கப் போகிறாரே என்று நான் அவர் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பேன். போகிற வருகிறவர்கள் எங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் என் வாய் அடைத்தது. அது நகரத்தில் இல்லை, தொழிற்சாலையில். புது பிரஸ் ஒன்றை ஓட்டிக் காட்டும் நாள். நான் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. அங்கத்து ஆட்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். ஏகாம்பரம் சார் சாவகாசமாக மிஷினை வலம் வர ஆரம்பித்தார். எனக்கு மானம் போயிற்று. மூன்றாவது சுற்றில் பின்பக்கம் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. போய்ப் பார்த்தால், ஒரு எண்ணெய்க் குழாயின் மூட்டு முழுதாக முறுக்கப்படாமல் இருந்தது. அந்த அழுத்தத்தில் அது கழன்றிருந்தால் எதிரே நின்ற யாருக்காவது முகம் போயிருக்கும். அவர் என் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ரெண்டு சுத்துல கண்ணுல மாட்டல பாருங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அங்கத்து மேற்பார்வையாளரும் மிஷினைச் சுற்ற ஆரம்பித்தார். நான் இன்னும் கொஞ்சம் கடுப்பானேன்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன். என் பட்டியலில் எனக்கு உயிராக இருந்தது ஒன்றுதான். மலை மேல், கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயம். அதன் உள்ளே ஆளுயரத்துக்கு எத்தனையோ மடங்கு உயரமான வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. வெயில் அடித்தால் தரையெல்லாம், தூணெல்லாம் சிவப்பும் நீலமுமாக விழும் என்று படித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு காலண்டரில் அந்தப் படம் பார்த்ததிலிருந்து எனக்கு அது ஆசை. எந்த ஊர் என்றுகூட அப்போது தெரியாது.

ஐந்து முறை போனோம். ஐந்து முறையும் வெளியே சுற்றினோம். குளிர்காலத்தில் நாலு மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள். அந்தக் கோயிலைக் கட்டி முடிக்கக் கிட்டத்தட்ட அறுநூறு வருடம் ஆனதாம். பழைய ஆள் விட்ட இடத்தையும் புது ஆள் தொட்ட இடத்தையும் வெளியே இருந்தே கண்டுபிடிக்க வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். கண்டும் பிடித்தார். எனக்கு அதைக் காட்டிக் காட்டி என் உயிரை வாங்கினார். ஜன்னல்களைப் பற்றிச் சொன்னால், "இன்னாத்த இருக்குது அதுல? கரி புடிச்சாப்ல கறுப்பா கீது" என்றார். உள்ளே போனால்தான் சார் தெரியும் என்று எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை.

கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் எனக்கு விமானம். அவர் பிரஸ்ஸை ஒப்படைக்க இன்னும் பத்து நாள் இருக்க வேண்டும். இன்றைக்கு முதலில் உள்ளே, பிறகுதான் சுற்று என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். "செரி மேடம், உங்க இஷ்டம்" என்றார். டிக்கெட் வாங்கினோம், அவர் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். வரிசை நீளமாக இருந்தது. "நீங்க லைன்ல நில்லுங்க, நான் சும்மா ஒரு சுத்து போய்ட்டு வந்துர்றேன்" என்றார். நானும் ஒரு முட்டாள், சரி என்று தலையாட்டினேன்.

வரிசை மளமளவென்று நகர்ந்து நான் வாசலுக்கு வந்துவிட்டேன். டிக்கெட் கேட்டார்கள். டிக்கெட் அவர் பையில். ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. ஒதுங்கி நின்று ஒவ்வொருவராக உள்ளே போவதைப் பார்த்தேன். கதவிடுக்கு வழியே ஒரு துணுக்கு நீலம் தெரிந்தது. நாலு மணிக்கு அவர் மூன்றாவது சுற்றை முடித்துக்கொண்டு வந்தார். காவலர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அங்கே நின்று தமிழில் கத்தினேன். "உங்களை நம்பி இந்த ஊர்ல ஒரு இடம்கூட உருப்படியா பார்க்கல சார். நான் பண்ண ஒரே தப்பு உங்ககூட வந்ததுதான்." அவர் இரண்டு டிக்கெட்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "மூணாவது சுத்துல பாதில வர்றதுக்கு மனசு வர்ல மேடம்" என்றார். எனக்கு இன்னும் ஆத்திரம். என் கணவருக்கு அனுப்பிக் காட்ட வேண்டும் என்று கைபேசியை எடுத்து அவரை அப்படியே ஒரு படம் எடுத்தேன். திரும்பும் வழியில் டிராமில் அவரை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். மறுநாள் சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறினேன்.

இங்கே வந்த பிறகும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவர்தான் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நசரத்பேட்டையில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு நான் போகவில்லை. அதற்கப்புறம் கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம், "மேடம், ஒரு நாளு ஊட்டுக்கு வாங்க. சாயந்தரமா வாங்க. மொதல்ல வெளிய மூணு சுத்து, அப்பறம் உள்ள" என்பார். அந்த மூன்று சுற்றைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மெட்ரோ வேலை முடியட்டும் சார், வருகிறேன் என்பேன். எங்கள் பக்கத்தில் வர மனமில்லாத எல்லோரும் சொல்வது அதுதான். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிடம். ஒன்றரை வருடம் இதையே சொன்னேன்.

பேனருக்கு நான் அனுப்பியது அந்தப் படத்தைத்தான். அவர் முகம் தெரியும் ஒரே படம் அது. தாமோதரன் திரும்பக் கூப்பிட்டு, "பின்னாடி கீற பெரிய கதவு ஷோக்கா கீது மேடம், அத்த அப்டியே வெச்சிட்டோம். கையில இன்னா அது, சீட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூன்றரை மணிக்கு நசரத்பேட்டைக்குப் போனபோது தெருமுனையில் ஆளுயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். என் ஆத்திரத்தைப் பார்த்து விழித்த அந்த முகம், இரண்டு டிக்கெட், சாத்திய கதவு.

வாசலில் பந்தல், நாற்காலிகள், நம் ஆட்கள் எல்லோரும் இருந்தீர்கள். உள்ளே போகக் கால் எழவில்லை. மூன்று சுற்று முடித்துவிட்டு உள்ளே வாருங்கள் என்று அந்த மனுஷன் எத்தனை முறை கெஞ்சியிருப்பார், இன்றைக்காவது அதைச் செய்வோம், நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றியது. வீட்டைச் சுற்றி நாலடிக்கு வழி விட்டிருந்தார். வலப்பக்கமாகவே ஆரம்பித்தேன்.

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் ஒழுங்காக இருந்தது. பூச்சு நூல் பிடித்தாற்போல, தண்ணீர்க் குழாய்கள் நேர்கோட்டில், யாரும் எட்டிப் பார்க்காத மூலைகூட மழுப்பாமல். மேற்குச் சுவரில் மட்டும் ஒடுக்கமாக உயரமாக ஒரு ஜன்னல், கறுப்பாக, புகை பிடித்ததுபோல. இவ்வளவு செய்தவர் இதை ஏன் இப்படி விட்டார் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றிலும் அதைப் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது சுற்றில் பின்பக்கம் நின்று ஒரு மூலையைத் தடவிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதினார்கள். பறை கிளம்பியது. நான் ஓடி முன்பக்கம் வருவதற்குள் தூக்கி வண்டியில் ஏற்றி, வண்டி நகர்ந்துவிட்டது. பூவால் மூடிய வண்டியின் பின்புறம்தான் எனக்குத் தெரிந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தெருவில் நின்றுகொண்டிருந்த என்னை வசந்தா அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அதுவரை அவரை ஃபோனில்தான் தெரியும். கூடத்தில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய சுத்தினு இருந்தது நீங்கதானா? மொகத்தப் பாத்துட்டுப் போயிருக்கலாம்ல மேடம்" என்றார். "அந்த ஜன்னல பாருங்க" என்று சுவரைக் காட்டினார்.

வெளியே கறுப்பாக இருந்த அதே ஜன்னல். மேற்கு வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. கூடத்தின் தரை முழுக்க நிறம் விழுந்து கிடந்தது. ஐஸ் பெட்டி இருந்த இடத்தின் ஈரத்தில், உதிர்ந்த பூக்களின் மேல், அக்காவின் புடவையில், என் கையில்.

"நீங்க இங்க திரும்பி வந்த அடுத்த வாரமே அங்க அந்தக் கோயிலுக்குத் தனியா போனாராம்" என்றார் அக்கா. "மேடம் பாக்காதத நாமளாச்சும் பாத்துக்கினு போயி காட்டணும்னு. அன்னிக்கு மட்டும் சுத்தவேயில்ல, டிக்கெட்ட வாங்கினு நேரா உள்ள பூந்துட்டேன்னு சொன்னாரு. அங்கியே உக்காந்து அழுதாராம். இங்க வந்து பூந்தமல்லி கண்ணாடிக் கடைக்கு நடையா நடந்து, துண்டு துண்டா அறுத்து, அவர் கையாலயே வெச்சாரு. வெளிய மூணு தபா கறுப்பாப் பாத்துட்டு உள்ள வந்தாதான் மேடத்துக்கு அது இன்னான்னு வெளங்கும், அப்பறம் என்னோட பேசும்னு சொல்லினே இருந்தாரு."

அன்றைக்கு எனக்காக அவர் ஒரு முறை சுற்றாமல் உள்ளே போயிருக்கிறார். நான் ஒரு முறை அவருக்காகச் சுற்றப் போய் அவரைத் தவறவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து வெயில் இறங்கும் வரை அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன். முதுகு தெரியும் படங்கள் சில நூறு. எந்த மிஷினையும் மூன்று முறை சுற்றாமல் இப்போது நானும் கையெழுத்துப் போடுவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கிறார்கள், எனக்குத் தெரியும். வாரம் ஒரு நாள் சாயந்தரம் நசரத்பேட்டைக்குப் போய் அக்காவோடு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மெட்ரோ வேலை இன்னும் முடியவில்லை.

அப்புறம் இந்தக் கோபம். இது போகாது, போகவும் வேண்டாம். மேடம், உங்களுக்காக ஒரு ஜன்னல் வைத்திருக்கிறேன் என்று கேன்டீனில் வைத்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேனே சார்.